அப்பாவுக்கு நான் செஞ்ச சோத்தாங்கை

எங்க பக்கத்துல வலது கையைச் சோத்தாங்கைன்னும் இடது கையைப் பீச்சாங்கைன்னும்தான் சொல்லுவோம். சோறு திங்கறது ஒண்ணு, கழுவறது ஒண்ணு. எந்தக் கைக்கு மரியாதை, எந்தக் கைக்கு அவமானம்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கப்பாவோட சோத்தாங்கை மில்லுல பஞ்சு அடிக்கற மிஷின்ல மாட்டி மணிக்கட்டோட போச்சு. அதுக்கப்புறம் அவரு பீச்சாங்கையால கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாரு, சட்டைப் பொத்தான் மாட்டக் கத்துக்கிட்டாரு, ஸ்பூனால சோறு அள்ளக் கத்துக்கிட்டாரு. ஊருதான் எதையும் கத்துக்கல.

மளிகைக் கடையில காசை நீட்டினா, "அப்படியே கல்லா மேல வெச்சிடுங்கண்ணே"ம்பான் கடைக்காரன். கோயில்ல குருக்கள் விபூதியை அவரு உள்ளங்கையில போட மாட்டாரு, நெத்தியில பூசிட்டு நகந்துடுவாரு. அதைப் போயி மரியாதைன்னு எங்கம்மா நெனச்சிக்கும். கல்யாணத்துக்குப் போனா அப்பா பந்தியில உக்கார மாட்டாரு. அட்சதைத் தட்டு வர்ற நேரம் பாத்து, யாரோ கூப்புட்ட மாதிரி எழுந்து வாசப்பக்கம் போயிடுவாரு. தாலி கட்டி முடிஞ்சப்புறம்தான் உள்ள வருவாரு. பத்து வருஷம் இதைப் பாத்தேன். எங்கப்பா என்ன திருடப் போன எடத்துலயா கைய விட்டுட்டு வந்தாரு? வேலை செய்யப் போன எடத்துலதானே?

சுனாமிக்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் முடிச்சிட்டு, நெல்லித்தோப்புல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு டிவி ரிப்பேர் கடையில வேலை பாத்துட்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு ஊரு ஆத்துக்கு அந்தாண்ட, அரியாங்குப்பம். கம்பெனி வேலை. அவங்க வீட்டுலேருந்து கை நனைக்க வந்த அன்னிக்கு, சாப்பாடெல்லாம் முடிஞ்சி வெத்தலை போட்டுக்கிட்டே மாப்பிள்ளையோட அம்மா பேச்சை எடுத்தாங்க.

"எல்லாம் உங்க இஷ்டப்படி செய்யுங்க. தாரை வாக்கறத மட்டும் உங்க அண்ணனையும் அண்ணியையும் வெச்சி செஞ்சிடுங்க. பீச்சாங்கையால பொண்ணப் புடிச்சிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? தப்பா எடுத்துக்காதீங்க."

அந்தம்மா பேசி முடிக்கக்கூட இல்ல. அதுக்குள்ள அப்பா, "அதுக்கென்னம்மா, அண்ணனே செய்யட்டும்"னு சிரிச்சிட்டாரு. எங்க பெரியப்பா தோள்ல கெடந்த துண்டைச் சரி பண்ணிக்கிட்டாரு பாருங்க, என்னமோ மந்திரி பதவி கொடுத்துட்ட மாதிரி! எனக்கு வந்ததே கோவம். சமையக்கட்டுல இருந்தவ வெளிய வந்து, "எங்கப்பா குடுக்காம நான் மணவறையில உக்கார மாட்டேன்"னுட்டேன்.

மாப்பிள்ளையோட அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "சோத்தாங்கையால குடுக்கறதா இருந்தா எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லம்மா"ன்னாங்க. அது குத்தல். எனக்குப் புரியாமலா?

"சோத்தாங்கையாலதான் குடுப்பாரு"ன்னேன்.

அவங்க போனப்புறம் அம்மா தலையில அடிச்சிக்கிட்டுது. "அந்த வாய்க்கு ஒரு பூட்டு போடுடி. எங்கேருந்துடி கை முளைக்கும்?" அப்பா அண்ணாந்து பரணைப் பாத்தாரு. அங்க ஒரு அட்டைப் பெட்டியில, எப்பவோ ஒரு முகாம்ல இலவசமா கொடுத்த ரப்பர் கை கெடந்துச்சு. ரோஸ் கலர்ல, துணிக்கடை பொம்மை கை மாதிரி இருக்கும். மடங்காது, புடிக்காது. ஒரே ஒரு நாள் மாட்டிக்கிட்டுப் போயி, தெருவுல புள்ளைங்க சிரிச்சதுல கழட்டி மேல போட்டாரு. அதை வெச்சி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும். விரல் மடங்கணும், என் கையைப் புடிக்கணும், அப்புறம் விடணும். அவ்வளவுதான் வேணும். அதை நானே செய்யறதுன்னு முடிவு பண்ணேன். கல்யாணத்துக்கு மூணு மாசம் இருந்துச்சு.

கடையில என்கூட வேலை பாத்த ஒருத்தரு கனகசெட்டிக்குளத்துக்காரரு. அவங்க வீட்டுக் கட்டுமரம் அலையில ஒடஞ்சி கரையில கெடந்துச்சு. அதுல ஒரு துண்டை அறுத்து சைக்கிள் கேரியர்ல கட்டி எடுத்தாந்தாரு. தூக்கினா பஞ்சு மாதிரி இருந்துச்சு. மெதக்கறதுக்குன்னே இருக்கற மரமாச்சே. கூடவே மீன் புடிக்கற நைலான் நரம்பும் ஒரு சுருள் கொடுத்தாரு. "ஆளையே இழுக்கும், அறாது"ன்னாரு.

அப்பாவோட பீச்சாங்கையை ஒரு காயிதத்துல வெச்சி பென்சிலால சுத்தி வரைஞ்சேன். அப்புறம் காயிதத்தத் திருப்பிப் போட்டேன். சோத்தாங்கை ஆயிடுச்சு. அதைப் பாத்துட்டு அப்பா ரொம்ப நேரம் அந்தக் காயிதத்து மேலேயே கண்ணை வெச்சிருந்தாரு. அடுத்து வெட்டுப்பட்ட கையை அளக்கணும். பத்து வருஷமா அது எங்க வீட்டுக்குள்ளயே இருக்கு, நான் ஒரு தடவகூடத் தொட்டதில்ல. தையல் டேப்பை சுத்தினதும் அவரு ஒடம்பு ஒதறுச்சு. "வலிக்குதாப்பா?"ன்னேன். "வலிக்கல. யாரும் தொட்டதில்ல, அதான்"னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. இருமற மாதிரி பாவலா பண்ணிக்கிட்டு டேப்பைச் சுருட்டினேன்.

ஒவ்வொரு விரலையும் மூணு துண்டா செதுக்கி, முதுகுப்பக்கம் சைக்கிள் டியூப் ரப்பரை வெச்சி ஆணி அடிச்சி இணைச்சேன். இழுத்தா மடங்கும், விட்டா ரப்பர் நிமித்திடும். உள்ளங்கைப் பக்கம் பால்பேனா ரீபில் குழாயை வெட்டி வெட்டி ஒட்டி, அதுக்குள்ள நைலான் நரம்பை ஓட்டினேன். நாலு விரல் நரம்பும் கட்டைவிரல் நரம்பும் மணிக்கட்டுல இருக்கற ஒரு சின்ன உருளையில போய்ச் சேரும். உருளையை மோட்டார் சுத்தினா விரல் மடங்கும், எதிர்ப்பக்கம் சுத்தினா விரியும். நரம்பு எல்லாம் ஒரே நீளம் இருக்கணும்னுதான் நான் முதல்ல நெனச்சேன். சுண்டுவிரல் மடங்கி முடிச்சி உக்காந்துட்டு இருக்கும், நடுவிரல் அப்பத்தான் கெளம்பும். வெறுத்துப் போயி ரெண்டு தடவ மொத்தத்தையும் பிரிச்சேன்.

ரிமோட்டுக்கு ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனேன். காந்தி வீதி முழுக்கத் தரையில கொட்டி விப்பாங்க, ரிமோட் காரு எத்தனை வேணும்னாலும் கெடைக்கும். மலிவு வண்டி ஒண்ணு வாங்கிப் பிரிச்சிப் பாத்தா, அதுக்கு ஒரே பட்டன். சுவிட்சப் போட்டா ஓடிக்கிட்டே இருக்கும், பட்டனை அமுத்தினா பின்னாடி வரும். நிக்கறதுங்கற பேச்சே கெடையாது. அது எனக்கு ஆவாது. அடுத்த வாரம் போயி ரெண்டு பட்டன் வண்டியாத் தேடி வாங்கினேன். முன்னாடி போற பட்டன் புடிக்க, பின்னாடி வர்ற பட்டன் விட. வண்டிக்குள்ள இருந்த போர்டைப் பிரிச்சி, மரக்கையோட புறங்கையைக் குடைஞ்சி அதுக்குள்ள பொதிச்சேன். பேட்டரியும் சுவிட்சும் அக்குள் பக்கம், சட்டைக்கு உள்ள. கறுப்பும் காவியும் கலந்த வார்னிஷைப் பூசி அப்பா நெறத்துக்குக் கொண்டாந்தேன்.

முதல் தடவ அது ஒரு எவர்சில்வர் டம்ளரைப் புடிச்சப்ப, அப்பா அதை வாய்வரைக்கும் கொண்டுபோனாரு. டம்ளர் காலி. இருந்தாலும் குடிக்கற மாதிரி அண்ணாந்து, "ஆங்!"னாரு. அதுலேருந்து ஆளைப் புடிக்க முடியல. சாயங்காலம் நான் கடையிலேருந்து வந்து மொகம் கழுவறதுக்குள்ள கையை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. "அமுத்து"ம்பாரு, நான் பட்டனை அமுத்துவேன். "விடு"ம்பாரு, விடுவேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு பிஸ்கட்டை எடுத்து நீட்டி, "இந்தா புடி, சோத்தாங்கையாலதான் குடுக்கறேன்"னாரு. அவரு, "என்னய்யா, ஜப்பான்லேருந்து எறக்கிட்டியா?"ன்னு கேலி பண்ணாரு. "எம் பொண்ணு எறக்குனது"ன்னு அப்பா சொன்னாரு. அந்த மூணு மாசம் எங்க வீட்டுல இருந்த சந்தோஷம் அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

தேங்காயை வெச்சி ஒத்திகை பாத்தோம். வெத்தலையை வெச்சிப் பாத்தோம். என் கையையே கொடுத்து எத்தனையோ தடவ பாத்தோம். ஒரு நாள் அம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "நான் எதனாச்சும் செஞ்சிப் பாக்கணுமாடி?"ன்னு கேட்டுது. "நீ சும்மா பக்கத்துல நில்லு, போதும்"னேன். திரும்பிக்கூடப் பாக்காம சொன்னேன்.

இதுக்கு நடுவுல மாப்பிள்ளை செல்போன்ல பேசுவான். நான் உப்புக்காயிதத்தால விரலைத் தேச்சிக்கிட்டே, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, "ம்... ம்..."னு சொல்லுவேன். கடைக்குப் போறத எப்ப நிறுத்தப் போறேன்னு கேட்டான். கடையில எத்தனை ஆம்பளைங்கன்னு கேட்டான். "உங்கப்பா கை சமாச்சாரத்த எங்க சொந்தத்துல யார்கிட்டயும் சொல்லாத, சிரிப்பாங்க"ன்னான். எல்லாத்துக்கும் 'ம்' போட்டேன். என் நெனப்பெல்லாம் நடுவிரல் நரம்பு மேலதான். கட்டிக்கப் போறவன் எப்படிப்பட்டவன்னு பாக்க வேண்டிய மூணு மாசத்தையும் மரத்தச் செதுக்கியே ஓட்டினவ நான்! வேற எவளாவது இப்படிச் செஞ்சிருந்தா காறித் துப்பியிருப்பேன்.

அரியாங்குப்பத்துல மண்டபம். காலையில முகூர்த்தம். ரிமோட்டோட ஏரியல் கம்பியை வெட்டிட்டு அதுக்குப் பதிலா ஒரு ஒயரைப் புடவைக் கொசுவத்துக்குள்ள ஓட்டியிருந்தேன். ரிமோட் என் பீச்சாங்கையில, முந்தானைக்குள்ள. மணப்பொண்ணு கையில எதை மறைச்சி வெச்சிருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அப்பா முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. பத்து வருஷத்துல ஒரு மணவறை மேல அவரு ஏறினது அன்னிக்குத்தான். பெரியப்பா மொத வரிசையில உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தாரு.

அய்யரு சொன்னாரு. என் சோத்தாங்கையில தேங்காயும் வெத்தலையும் வெச்சாங்க. அப்பா பீச்சாங்கையால தேங்காய் சாயாம தாங்கிக்கிட்டு, மரக்கையை நீட்டி என் கை மேல வெச்சாரு. "அமுத்து"ன்னு ஒதட்டை மட்டும் அசைச்சாரு. அமுத்தினேன். ஒவ்வொரு விரலா மடங்கி என் கையைப் புடிச்சிது, ஒத்திகையிலகூட அவ்வளவு அழகாப் புடிச்சதில்ல. அப்படியே கொண்டுபோயி மாப்பிள்ளை கை மேல வெச்சாரு. நான் நிமிந்து மாப்பிள்ளையோட அம்மாவைப் பாத்தேன். 'பாத்தியா?'ன்னு கண்ணாலயே கேட்டேன். அந்தம்மா பார்வையை வேற பக்கம் திருப்பிக்கிட்டாங்க. எனக்குள்ள அப்படி ஒரு திமிரு ஏறுச்சு. மாப்பிள்ளை மொகத்த நான் பாக்கவே இல்ல.

"ஊத்துங்கோ"ன்னாரு அய்யரு.

அம்மா செம்பைச் சரிச்சிது.

தாரை வாக்கறதுன்னா தண்ணி ஊத்தறது. சின்ன வயசுலேருந்து எத்தனை கல்யாணத்துல பாத்திருக்கேன்! மூணு மாசமா வாய் ஓயாம தாரை, தாரைன்னு சொன்னதும் நான்தான். எடை பாத்தேன், நெறம் பாத்தேன், பேட்டரி எத்தனை நாழி தாங்கும்னு பாத்தேன். செம்பு அம்மா கையில இருக்கற சாமான், அதனால என் கணக்குக்குள்ளயே அது வரல. எலக்ட்ரானிக்ஸ் படிச்ச மேதாவி, போர்டைக் கொண்டுபோயி தண்ணி விழற எடத்துலயே பொதிச்சி வெச்சிருக்கேன்.

தண்ணி புறங்கைப் பொந்துக்குள்ள எறங்கின அடுத்த நொடி மோட்டார் கத்த ஆரம்பிச்சிது. நான் பட்டன் மேல விரலே வெக்கல. விரலுங்க தானா இறுக ஆரம்பிச்சிது. அப்பா, "விடு"ன்னாரு. நான் ரெண்டாவது பட்டனை அமுத்தினேன். விடல. திருப்பித் திருப்பி அமுத்தினேன். இன்னும் இறுகுச்சு. "விடும்மா... விடு"ன்னு அப்பா சத்தமாவே சொல்லிட்டாரு. ரிமோட் விஷயம் தெரியாத சபைக்கு அது வேற மாதிரி கேட்டுது. "அப்பனுக்குப் பொண்ண விட மனசில்லப்பா!"ன்னு யாரோ கத்தினாங்க. ஒரே சிரிப்பு. சுவிட்சு அவரு அக்குளுக்குள்ள. அதை அமுத்தற பீச்சாங்கையால தேங்காயைத் தாங்கிக்கிட்டு இருந்தாரு. சாமி தேங்காய் கீழ விழக்கூடாதேன்னு அதை விடாம நின்னாரு.

"நேரம் போவுது"ன்னாங்க மாப்பிள்ளையோட அம்மா.

மாப்பிள்ளை பல்லைக் கடிச்சிக்கிட்டு, "என்னாடி கூத்து இது"ன்னான். எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னான். தாலிகூட இன்னும் ஏறல, அதுக்குள்ள 'டி'. அப்புறம் மரவிரலைப் புடிச்சி பின்பக்கமா மடக்கினான். படக்குனு ஒடஞ்சிது. அடுத்த விரலையும் மடக்கினான். அதுவும் ஒடஞ்சி என் கை வெளிய வந்துச்சு. ஒடஞ்ச ரெண்டு விரலையும் தாம்பூலத் தட்டுல போட்டான். "மரப்பாச்சி கையப் போயி கொண்டாந்திருக்காங்க பாரு"ன்னு அவங்க பக்கத்துல ஒரு பொம்பளை சொல்ல, மணவறையே சிரிச்சிது. அப்பாவும் சிரிச்சாரு. சபையில அவமானப்பட்டா அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு நானும் சிரிச்சேன். வாய்க்காரி நான், அன்னிக்குத்தான் வாயத் தொறந்திருக்கணும். என் கையில மூணு கோடு செவப்பாப் பதிஞ்சிருந்துச்சு, அதை முந்தானையால மூடிக்கிட்டு சிரிச்சேன். தாலி கட்டும்போது மேளச் சத்தத்துக்குக் கீழ மோட்டார் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு.

வீடியோக்காரன் சிடி கொடுத்தப்ப அந்த எடத்துல மட்டும் ரோஜாப்பூ கொட்டற கிராபிக்ஸ் போட்டு மறைச்சிருந்தான். அவனுக்கு இருந்த நாகரிகம்கூட எங்களுக்கு வாச்சவங்களுக்கு இல்ல.

அப்புறம் நடந்ததைப் பெருசா சொல்லப் போறதில்ல. அவனுக்கு எதையும் கேட்டு வாங்கற பழக்கம் இல்ல. திருகித்தான் வாங்குவான். என் செல்போனை அப்படித்தான் வாங்கினான். கடைக்குப் போறதை நிறுத்தினதும் அப்படித்தான். ரெண்டரை வருஷம் பொறுத்தேன். ஒரு மத்தியானம், மணிக்கட்டு வீங்கிப் போயி, ஒரு பையோட டவுன் பஸ் ஏறி ஆத்தைத் தாண்டி நெல்லித்தோப்புக்கு வந்துட்டேன். எதுக்கு வந்தேன்னு அம்மா கேக்கல. மஞ்சளை அரைச்சி எடுத்தாந்துது.

மறுநாள் பெரியப்பா புத்தி சொல்ல வந்தாரு. புருஷன்னா நாலு அடி அடிப்பான், பொம்பளதான் அனுசரிச்சிப் போவணும்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் அப்பாவைப் பாத்து, "அன்னிக்கு நான் குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா? சபையில அபசகுனமா கை ஒடஞ்சிதே, அப்பவே நெனச்சேன்"னாரு. நான் எழுந்துட்டேன். "அபசகுனமா? ஒடச்சவன் மாப்பிள்ளை! அதைப் பாத்துட்டு மொத வரிசையில உக்காந்து பல்ல இளிச்சவரு நீங்க! எழுந்து போங்க மொதல்ல!"ன்னு கத்தினேன். தெருவுல நாலு பேரு வெளிய வந்து பாத்தாங்க. பெரியப்பா செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

எனக்குக் கொஞ்சம் ஆறுன மாதிரி இருந்துச்சு. அப்பா என் பக்கம்தான் பேசுவாருன்னு நெனச்சி அவரு பக்கத்துல போயி உக்காந்தேன். அவரு என் வீங்கின மணிக்கட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"ஏம்மா கத்தற? எங்கண்ணன் குடுத்திருந்தான்னா நல்லாத்தான் இருந்திருக்கும்"னாரு.

"என்னாப்பா நீயும்?"

"அவன் குடுத்திருந்தா இன்னிக்கு அவன் சட்டையப் புடிச்சிருப்பேன். 'பாத்துக் குடுத்தியாடா பாவி, எம் பொண்ண?'ன்னு கேட்டிருப்பேன். கேட்டுட்டு ஒரு வாய் சோறு தின்னிருப்பேன். நான் ஒதுங்கித்தானே இருந்தேன்? நீதான் கேக்கல. என் கையாலதான் குடுக்கணும்னு நின்ன. குடுத்துட்டேன். இப்ப நான் யார் சட்டையப் புடிக்கறது, சொல்லு."

கோவம் வந்தா நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்தறவ நான். அன்னிக்கு அவரு மொகத்தப் பாக்காம எழுந்து, அம்மா ஊறப் போட்டிருந்த துணியைத் தொவைக்கப் போயிட்டேன்.